காத்திருப்பவர்: 1

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2 மணி 31 நிமிடம். ஆறாவது மாடி சர்வர் அறையின் கதவு ஒரு கைரேகைக்குத் திறந்தது.

இது நடந்தது. நேரங்கள் பதிவேடுகளில் உள்ளவை. மற்றவை, அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனவன் விசாரணைக் குழுவுக்குத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தவை. எத்தனை முறை கேட்டும் அதில் ஒரு வரியை அவன் மாற்றிச் சொல்லவில்லை. நம்புவதும் நம்பாததும் படிப்பவர் பாடு.

அலுவலகத்தில் அவனை மாப்பிள்ளை என்பார்கள். அடைமழையிலும் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து நிற்பவன். வயது முப்பத்துநான்கு. எட்டுப் பேருக்குத் தலைவன். அந்த எட்டுப் பேரும் சேர்ந்து எழுதியது ஆம்புலன்ஸ்களுக்கான மென்பொருள்.

அது ஓரிடத்தில் கிடக்கிற மென்பொருள் இல்லை. பத்தொன்பது ஊர்களில், பல இயந்திரங்களில் துண்டு துண்டாக இருந்தது. ஒரு துண்டு அழைப்பை வாங்கும். ஒன்று வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும். ஒன்று எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்று சொல்லும். ஒன்றின் இருப்பிடம் மற்றொன்றுக்குத் தெரியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வரும். எந்த ஊரிலிருந்து வருகிறது என்பது கூப்பிட்டவருக்குத் தேவையில்லை.

இவற்றையெல்லாம் ஒட்டிவைக்கும் நடுத்துண்டை எழுதியவர் ஐம்பத்திரண்டு வயதுப் பெண். குழுவில் மூத்தவர். ஒட்டுகிற வேலை என்பதால் அவருக்குக் கோந்தக்கா என்று பெயர் விழுந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தான் எழுதிய துண்டுக்கே ‘கோந்து’ என்று பெயர் சூட்டிவிட்டார்.

கோந்து முப்பது வினாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று திரையில் ஒரு வரி எழுதும். உயிரோடிருப்பதற்கு அடையாளம். இன்னொரு பழக்கமும் அதற்கு உண்டு. யாராவது ஒருவர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் வரை, அதை யாராலும் நீக்க முடியாது. காத்திருக்கிறவரை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று அக்கா அப்படி எழுதியிருந்தார்.

தூரத்து இயந்திரம் ஏதாவது பதில் சொல்லாமல் போனால், பதில் இல்லை என்றே கோந்து சொல்லும். சுவரில் உள்ள பெரிய திரையில் சிவப்பு விளக்கு எரியும். திங்கட்கிழமை பெரிய மனிதர்கள் பார்க்க வரப்போகிறார்கள், ஜனவரி 3, வெள்ளிக்கிழமை காலையிலும் நாலைந்து சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பதில் வராத இடத்தில் கடைசியாக வந்த பதிலையே திருப்பிச் சொல்ல வைத்துவிடலாமே என்று மாப்பிள்ளை கேட்டான்.

“பதில் வராத இடத்துல பழைய பதிலைக் குடுக்கறது, செத்தவங்க பேசற மாதிரி தம்பி. வேண்டாம்” என்றார் அக்கா.

சொல்லிவிட்டு, மகளின் தேர்வுக்காக அன்று பாதி நாள் விடுப்பில் போனார். போகும்போது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தன் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுத்தார். “கதவைத் திறக்க மட்டும்தான் சாவி. சாமானை இடம் மாத்தி வைக்காத.”

அவர் போனதுமே, இரவல் சாவியோடு மாப்பிள்ளை சாமானை இடம் மாற்றினான். நான்கே வரிகள். சிவப்பு விளக்குகள் எல்லாம் பச்சையாயின. பார்க்க வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். நாளை எடுத்துவிடலாம் என்று நினைத்தான். நாளை என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் நினைக்கிற நாள்.

ஜனவரி 27 பிற்பகல் 3:30க்கு அக்கா தன் நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவசர எண்ணை அழைத்தவன் மாப்பிள்ளைதான். வண்டி எண் 12 வந்தது. 3:38க்கு வண்டியிலிருந்து கேள்வி போனது: பக்கத்து மருத்துவமனையில் படுக்கை உண்டா? உண்டு என்று பதில் வந்தது. உண்மையில் அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவு, குழாய் வெடித்துத் தண்ணீர் புகுந்ததால் காலையிலேயே பூட்டப்பட்டிருந்தது. அங்கிருந்த இயந்திரமும் 9:50க்கே ஓய்ந்திருந்தது. கோந்து சொன்னது அதற்கு முந்தைய பதில்.

3:58க்கு வண்டி போய்ச் சேர்ந்தது. பூட்டிய கதவை ஊழியர்கள் தட்டினார்கள். யாரும் வரவில்லை. வேறு மருத்துவமனைக்குத் திருப்பினார்கள். வழியில், 4:17க்கு அக்கா இறந்தார்.

விசாரணை வந்தது. மாற்றம் யாருடைய பெயரில் நடந்திருக்கிறது என்று பார்த்தார்கள். அக்காவின் பெயரில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். மனைவியின் பொருட்களை வாங்கிப்போக வந்தவர், ஒரு ஸ்வெட்டரையும் கண்ணாடிக் கூட்டையும் மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் மகளிடம், உங்க அம்மா எழுதினதே உங்க அம்மாவைக் கொன்னுடுச்சாமே என்கிறார்களாம். மூன்று நாளாக அவள் பள்ளிக்குப் போகவில்லையாம்.

“நீதான் பக்கத்துல இருந்தவன். உண்மையைச் சொல்லுப்பா. அவ பண்ணின தப்பா?”

“ஆமா மாமா” என்றான் மாப்பிள்ளை.

கடைசி விசாரணை மார்ச் 10, திங்கட்கிழமை என்று குறித்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்புதான் அவனுக்கு ஒன்று தெரிந்தது. அக்காவின் பழைய குறிப்புகளைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. எந்தப் பெயரில் மாற்றம் நடந்தாலும், அது எந்த மேசையிலிருந்து நடந்தது என்பதைக் கோந்து தனியாகக் குறித்துவைக்கும். அந்தக் குறிப்பு இருப்பது ஒரே இடத்தில். ஏழாம் எண் சர்வரில், கோந்துக்குள்ளேயே.

கோந்தை நீக்கினால் குறிப்பும் போய்விடும்.

அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை போனான். கீழே இருந்த காவலாளி, ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளைக்கு எந்த வீட்டு விருந்து என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு லிஃப்டில் ஏறினான்.

சர்வர் அறைக்கு ஜன்னல் இல்லை. உச்சி வெயிலும் நடுராத்திரியும் அங்கே ஒன்றுதான். ஒரு பக்கம் இரும்பு அடுக்கில் பன்னிரண்டு சர்வர்கள். எல்லாவற்றின் மின்விசிறிகளும் சேர்ந்து ஓயாத இரைச்சல். குளிர் பதினெட்டு டிகிரி என்று சுவரில் இருந்த மானி காட்டியது.

ஏழாம் எண்ணைத் தேடிப் போய்க் குந்தி உட்கார்ந்தான். பச்சை விளக்கு எரிந்தது. மேலே கை வைத்தான்.

ஆறாம் எண் சுட்டது. எட்டாம் எண் சுட்டது. ஏழு மட்டும் ஜில்லென்று இருந்தது.

ஆம்புலன்ஸ் மென்பொருளை அன்றைய சாவுக்குப் பிறகு முழுதாக நிறுத்தியிருந்தார்கள். வண்டிகள் மறுபடி தொலைபேசியிலேயே ஓடின. வேலை இல்லாத இயந்திரம், சூடு இல்லை. அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டான். சக்கரம் வைத்த சின்ன மேசையில் இருந்த திரையையும் விசைப்பலகையையும் இழுத்துவந்து மாட்டினான். தன் பெயரில் உள்ளே நுழைந்தான்.

2:40:00. ‘கோந்து: இருக்கிறேன்.’

2:40:30. ‘கோந்து: இருக்கிறேன்.’

நீக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தான். பதில் உடனே வந்தது.

‘நீக்க முடியாது. காத்திருப்பவர்: 1.’

யார் காத்திருக்க முடியும்? பத்தொன்பது ஊரிலும் எல்லாம் நிறுத்திக் கிடக்கிறது. மறுபடி கட்டளை. மறுபடி அதே பதில். காத்திருப்பது யார் என்று கேட்டான்.

‘அழைத்தது: வண்டி 12. நேரம்: ஜனவரி 27, 3:38. கேள்வி: படுக்கை உண்டா?’

அந்தக் கேள்விக்கு அன்றே பதில் போய்விட்டது. தப்பான பதில்தான், ஆனாலும் போய்விட்டது. போன கேள்வி எப்படி இன்னும் நிற்கிறது? ஏதோ பழைய குப்பை சிக்கிக்கொண்டிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சத்தமாகவே சொன்னான். அந்த அறையில் தன் குரலைக் கேட்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

வேறு வேறு வழிகளில் நீக்கிப் பார்த்தான். மூன்று, ஐந்து, எட்டு... பதினோரு முறை. பதினோரு முறையும் ஒரே பதில்.

அப்போதுதான் நேரத்தைக் கவனித்தான்.

3:11:04. ‘இருக்கிறேன்.’

3:11:23. ‘இருக்கிறேன்.’

3:11:37. ‘இருக்கிறேன்.’

முப்பது வினாடி இல்லை. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

3:14க்கு எழுந்து பின்பக்கம் போனான். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினான். முன்னால் வந்து பார்த்தான். விளக்கு எரிந்தது. மறுபடி பின்னால் போய் மின்சாரக் கேபிள்கள் இரண்டையும் பிடுங்கினான். அவற்றைக் கையில் பிடித்தபடியே முன்னால் வந்தான்.

விளக்கு எரிந்தது.

கையில் இரண்டு கேபிள்கள். எதிரே எரியும் பச்சை விளக்கு.

‘இருக்கிறேன்.’

கேபிள்களைக் கீழே போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினான். விரலை வைத்தான். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தான். சிவப்பு. ஐந்து விரலையும் வைத்தான். கைபேசியை எடுத்தான். அந்த அறைக்குள் கைபேசி வேலை செய்யாது. அது அவனுக்கே தெரியும்.

3:40க்கு முதல் சர்வரின் மின்விசிறி நின்றது.

அடுத்தது இரண்டாவது.

மூன்றாவது...

ஒவ்வொன்றாக, வரிசையாக. பன்னிரண்டாவது நின்றபோது அறையில் ஒரு சத்தமும் இல்லை.

இல்லை... ஒன்று இருந்தது.

மூச்சு.

அவனுடையது இல்லை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். இழுத்து, பாதியில் நின்று, மறுபடி இழுக்கிற மூச்சு. ஒவ்வொரு இழுப்புக்கும் திரையில் ஒரு வரி விழுந்தது.

‘இருக்கிறேன்.’

‘இருக்கிறேன்.’

ஜனவரி 27 அன்று, தரையில் அக்காவின் தலையைத் தாங்கி உட்கார்ந்திருந்தவன் அவன். அந்த மூச்சை அவன் கேட்டிருக்கிறான்.

3:58.

வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

விரலால் இல்லை. உள்ளங்கையால். கதவே அதிரும்படி. ஒன்று... இரண்டு... மூன்று...

கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தான். நடைபாதை முழுதும் விளக்கு எரிந்தது. யாரும் இல்லை.

நான்கு. ஐந்து.

கண்ணாடி அதிர்ந்தது. எதிரே ஒருவரும் இல்லை.

ஆறு.

நின்றது.

அவன் திரும்பினான். திரையில் கேள்வி மட்டும் இருந்தது.

‘படுக்கை உண்டா?’

கீழே பதிலுக்கான இடம் துடித்துக்கொண்டிருந்தது. காத்திருப்பவர் ஒருவர். பதில் சொல்லாமல் நீக்க முடியாது. பதில் சொன்னால்...

உட்கார்ந்தான். மூன்று தடவை அழித்து எழுதினான்.

‘இல்லை.’

மூச்சு நின்றது.

‘பின்னே ஏன் உண்டுன்னு சொன்னே தம்பி?’

அவனைத் தம்பி என்று கூப்பிட அந்த அலுவலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

‘மாத்தினது யாரு?’

எழுதவில்லை.

‘மாத்தினது யாரு?’

‘மாத்தினது யாரு?’

‘மாத்தினது யாரு?’

திரை நிறைந்தது. வரிகள் மேலே மேலே ஓடின. கேபிள் இல்லாத இயந்திரம்...

4:16.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அவன் வாக்குமூலத்தில் விவரமாக எழுதியிருக்கிறான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தானாம். இங்கே யார் பார்க்கப்போகிறார்கள், சொல்லிவிட்டால் அக்கா விட்டுவிடுவார் என்று தோன்றியதாம். அடுத்த நொடி திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. சொன்னது எங்காவது பதிவாகிவிட்டால்? இவ்வளவு பயத்திலும் அந்தக் கணக்கை மனசு போட்டது.

எழுதினான்.

‘நீங்கதான் அக்கா.’

ஓடிய வரிகள் நின்றன.

4:17:00.

‘சரி தம்பி.’

அதற்குக் கீழே இன்னொரு வரி.

‘நீக்கப்பட்டது. காத்திருப்பவர்: 0.’

மின்விசிறிகள் ஒன்றாகச் சுழலத் தொடங்கின. கதவின் சிவப்பு விளக்கு பச்சையானது. விரலை வைத்தான். திறந்தது. லிஃப்டுக்குக் காத்திராமல் ஆறு மாடியையும் படியில் இறங்கினான். வாசலில் நல்ல வெயில். காவலாளி, என்ன மாப்பிள்ளை சட்டையெல்லாம் இப்படி நனைஞ்சிருக்கு என்று கேட்டார்.

வீட்டுக்குப் போய்க் குளித்தான். அன்றிரவு படுத்ததும் தூங்கிவிட்டான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்ததாக எழுதியிருக்கிறான். என்னதான் வந்து பயமுறுத்தினாலும், கோந்து போய்விட்டது. குறிப்பும் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை 10:30க்கு விசாரணை தொடங்கியது. நீண்ட மேசையின் ஒரு பக்கம் குழுவினர் மூவர். எதிர்ப்பக்கம் மாப்பிள்ளையும் அலுவலகத்தின் பாதுகாப்பு அதிகாரியும். சுவரோரம் பேருந்து ஓட்டுநர், பக்கத்தில் மகள்.

குழுவின் தொழில்நுட்ப அதிகாரி ஓர் அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்தார். நான்கு பக்கமும் முத்திரைத் தாள். இது ஏழாம் எண் சர்வர் என்றார். சனிக்கிழமை மாலை 5:20க்கு, பாதுகாப்பு அதிகாரியை வைத்துக்கொண்டு, யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல் அடுக்கிலிருந்து கழற்றி எடுத்துவந்தார்களாம். அன்று இரவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். டிஸ்க்கில் ஒன்றுமே இல்லை. வெறுமை. அப்படியே மூவரும் எழுதிக் கையெழுத்திட்டு, பெட்டியில் வைத்து முத்திரையிட்டு, இரும்பு அலமாரியில் பூட்டிவிட்டார்கள். எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை காட்ட வேண்டும் என்பது சடங்குக்காக. காட்டிவிட்டு, அக்காவின் பெயரிலேயே அறிக்கையை முடித்துவிடுவதாக இருந்தார்கள்.

மாப்பிள்ளை எழுந்து நின்றான்.

“அது நேத்து அங்கதான் இருந்துச்சு.”

எங்கே என்று கேட்டார்கள்.

“அடுக்குல. நான் தொட்டுப் பார்த்தேன்.”

ஞாயிற்றுக்கிழமை அங்கே என்ன வேலை என்று யாரும் அப்போது கேட்கவில்லை. பாதுகாப்பு அதிகாரி தன் கணினியில் அறையின் கேமராப் பதிவை எடுத்துத் திருப்பிவைத்தார். அடுக்கில் ஆறாம் எண் இருந்தது, எட்டாம் எண் இருந்தது. நடுவில் ஓட்டை. பின்சுவர் தெரிந்தது. அந்த ஓட்டைக்கு முன்னால் ஒருவன் குந்தி உட்கார்ந்து, ஒரு மணி நாற்பத்தாறு நிமிடம், ஒன்றுமில்லாத திரையைப் பார்த்து விசைப்பலகையில் எழுதிக்கொண்டிருந்தான். விசைப்பலகையின் ஒயர் தரையில் கிடந்தது.

தொழில்நுட்ப அதிகாரி பெட்டியின் முத்திரையைச் சரிபார்த்து உடைத்தார். சர்வரை எடுத்து மின்சாரம் கொடுத்தார்.

டிஸ்க் நிறைந்திருந்தது.

கீழே இருந்தவற்றை முதலில் வாசித்தார். மார்ச் 9, மாப்பிள்ளையின் பெயரில் பதினோரு நீக்கக் கட்டளைகள், ஒவ்வொன்றும் நேரத்தோடு. வண்டி 12 கேட்ட கேள்வி. ‘இல்லை’ என்ற பதில். பிறகு ‘மாத்தினது யாரு?’ என்ற கேள்வி, அவன் எழுதிய பதில். அவற்றுக்கெல்லாம் மேலே, ஜனவரி 3, காலை 11:52, நான்கு வரி மாற்றம், பதினான்காம் மேசையிலிருந்து.

பேருந்து ஓட்டுநர் சுவரோரத்திலிருந்து கேட்டார்.

“பதினாலாம் மேசை யாரோடது?”

மகள் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னோடதுதான் மாமா” என்றான்.

அன்று மாலையே வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்திருந்தால் அந்த டிஸ்க் வெறுமையாகவே இருந்திருக்கும் என்பது அதன் கடைசி வரி.

அறிக்கையின் ஆறாம் பக்கத்தில், தவறு செய்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் அடிக்கப்பட்டு வேறு பெயர் எழுதப்பட்டிருக்கிறது. முத்திரை உடையாத பெட்டிக்குள் வெற்று டிஸ்க் எப்படி நிறைந்தது என்ற கேள்விக்கு எதிரே ‘தெரியவில்லை’ என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு நான்கு ஆண்டு சிறை. அவன் மேல்முறையீடு செய்யவில்லை.